காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

சலூன் தொழிலாளர் கூட்டத்தில் பேச வரச்சொல்லி என்னை மூன்று தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை காய்ச்சல் என்றேன். இரண்டாம் தடவை உறவில் ஒரு சாவு என்றேன். அப்படி யாரும் சாகவில்லை. மூன்றாம் தடவைக்குக் காரணம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

“மேடையில பேச வேணாம்ணே. எழுதியாவது குடுங்க. இப்பப் பச்சை, ஊதான்னு கண்ட கலர்லயும் முடிக்கு டை அடிக்கிறோம். காதுக்குப் பின்னாடி நீங்க வச்ச அந்தப் பொட்டு என்னான்னு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

தொழில் கற்றுக்கொண்ட கதை சின்னதுதான். காளவாசலில் முத்தையா அண்ணன் கடை. பெருக்கினேன், துண்டு துவைத்தேன், கத்தி பிடிக்கக் கற்றேன். ஊதின பலூனில் நுரை தடவிச் சவரம் செய்து பழக வேண்டும். நாற்பது பலூன் வெடித்தது. நாற்பத்தோராவது வெடிக்கவில்லை. மறுநாள் அண்ணன் தன் கன்னத்தையே நீட்டினார். கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

சலூன்காரன் என்றால் நாலு விஷயம் பேசத் தெரிய வேண்டும். எனக்குப் பேச்சு வராது. “மழை வரும்போல” என்று சொல்ல நினைப்பதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். அண்ணன் இதையே வியாபாரமாக்கினார். தலைக்கு டை போட வருகிறவர்களை எல்லாம் என் நாற்காலிக்கே அனுப்புவார். “இவன் வாயத் தொறக்க மாட்டான் சார். நீங்க டை அடிக்கிறது உங்க சம்சாரத்துக்குத் தெரிஞ்சாலும் தெரியும், இவனால வெளிய தெரியாது.” இப்படித்தான் மதுரையில் பாதிப் பேருடைய நிஜமான வயது என் தலையில் ஏறியது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்ட மாட்டார், இருமுவார். ஒரு இருமல் என்றால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. இரண்டு இருமல் என்றால் பேசாமல் இரு. மூன்று இருமல் என்றால் நான் இப்போது பொய் சொல்லப் போகிறேன், முகத்தை மாற்றிக்கொள்ளாதே. எனக்கு எப்போதும் ஒரே முகம்தான் என்பதால் மூன்றாவது சுலபமாக இருந்தது.

கடைக்குள் எந்த டப்பா வந்தாலும் அண்ணன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார், ஒரு தடவை சந்தேகப்படுவார். ஒருநாள் ஒரு விற்பனைக்காரன் பேர் ஒட்டாத வெள்ளை டப்பாவில் முகக் கிரீம் கொண்டு வந்தான். ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்றான். அண்ணன் பெஞ்சு போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“உள்ள என்ன இருக்கு தம்பி?”

“எல்லாம் மூலிகைண்ணே.”

“அப்பச் சரி. நீ ஒரு கன்னத்துல மட்டும் போட்டுட்டு எட்டாம் நாள் வா. ரெண்டு கன்னத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு நூறு டப்பா வாங்குறேன்.”

டீ குடித்தவன்தான். அந்தப் பக்கமே பிறகு வரவில்லை.

இனிமேல் பொட்டு. நான் சேர்ந்த புதிதில் கடையில் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. டை கேட்டால் கலக்கிப் போட்டு அனுப்புவோம். ஒரு தடவை, அதுவரை டை போட்டிராத ஒரு மனிதருக்குப் போட்டோம். மறுநாள் காலையில் அவர் மகன் வந்து, “அப்பா கண்ணத் தொறக்க முடியலைங்க” என்றான். போய்ப் பார்த்தோம். நெற்றி வீங்கிக் கண்ணை மூடியிருந்தது, காதோரம் நீர் வடிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றார். அங்கே இருந்த டாக்டர், கருப்பு டையில் இருக்கும் ஒரு மருந்து சிலருக்கு ஆகாது, போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் துளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். டை டப்பாவுக்குள் இருக்கிற காகிதத்திலும் அதுதான் எழுதியிருக்கிறதாம். எறும்பு படிக்கிற அளவில்.

செய்முறை இதுதான். போடப்போகிற அதே டையையும் கூடச் சேர்க்கிற கலவையையும் பீங்கான் கிண்ணத்தில் துளித்துளி எடுத்துக் குழைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் துடைத்துக் காயவைத்துவிட்டு, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு பொட்டு. காய்கிறவரை சட்டைக் காலர் படக்கூடாது. இரண்டு நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. அரிப்போ, தடிப்போ, சிவப்போ வந்தால் உடனே கழுவிவிட வேண்டும், அந்த ஆளுக்கு டை கிடையாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் போடலாம். போட்டுத் தலையை அலசும்போது மறக்காமல் பஞ்சில் எண்ணெய் தொட்டு அந்தப் பொட்டைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் நாலைந்து நாள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பொட்டு. பத்து வருடம் ஒத்துக்கொண்ட தோல் பதினோராவது வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அண்ணன் முதலில் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தார். “ஒரு டெஸ்ட்டு சார்” என்றதும் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். “டெஸ்ட்டு வைக்கிற அளவுக்கா மோசமான டை போடுற?” என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அண்ணன், ஒரு காலையில் மூன்று தடவை இருமினார்.

“டை போட்டா இருபது வயசு கொறைஞ்சிரும் சார். ஊர்க்கண்ணு பூரா உங்க மேலதான். அதனால ரெண்டு நாளைக்கு முன்னாடியே நம்ம கடையில ஒரு திஷ்டிப் பொட்டு வச்சு விட்டுருவோம். காதுக்குப் பின்னாடி.”

எழுந்து போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. காதை நீட்டினார்கள். பலர், “நல்லாப் பெருசாவே வைங்க” என்றார்கள்.

எல்லாருக்கும் பொட்டு வைத்தோமே தவிர, எங்கள் கையைப் பற்றி யோசிக்கவில்லை. கையுறை போட்டால், தொட அருவருக்கிறான் என்று வாடிக்கையாளர் நினைப்பாராம். முப்பது வருடம் வெறும் விரலால் டை குழைத்தேன். கடைசியில் என் விரல்களே அதை ஒத்துக்கொள்ளாமல் வெடித்துப் பிளந்தன. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, தொழிலை விடு என்றார். போன வருடம் விட்டேன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. அரசாங்க வேலைக்காரன்கூட என்னைவிட அதிகம் உழைக்கிறான். நீங்கள் கையுறை போடுங்கள். வாடிக்கையாளர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

இப்போது அந்த வியாழக்கிழமை. நான் தொழிலை விடுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது.

அன்று காலையில் தேவசகாயம் வந்தார். திருமங்கலத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், அவருடைய சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஊரில் நாலு சலூன் இருந்தும் பஸ் ஏறிக் காளவாசல் வருவார். அவர் முடி கருப்பு என்று ஊர் நம்பியது; அந்த நம்பிக்கை என் கிண்ணத்தில் இருந்தது. முதல் தடவை அண்ணன் பொட்டைப் பற்றிச் சொன்னபோது, “ஐயையோ, நாங்க அதெல்லாம் வைக்கக் கூடாதுங்க” என்று பதறினார். கொஞ்ச நேரம் கழித்து, “முன்னால இருந்து பாத்தாத் தெரியாதுல்ல?” என்று கேட்டார். தெரியாது என்றோம். “அப்ப வைங்க.”

அன்றும் பொட்டு வைத்தேன். “திங்கக்கிழமை மகனுக்குக் கல்யாணம் தம்பி. சனிக்கிழமை வாரேன். ஜம்முன்னு இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே நாள் சாயங்காலம் ஞானராஜ் சார் வந்தார். கோச்சடையில் வீடு, மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பல வருடமாக அவருக்கு முடி வெட்டுகிறவன் நான்தான். தலை முழுக்கப் பஞ்சு. ஒருநாளும் டை கேட்டதில்லை. அன்று உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்து, “கருப்பாக்கிரு தம்பி” என்றார்.

கடையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். சார் குரலைத் தாழ்த்தினார். மகளுடைய நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்க வந்தவன், “தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணோட அப்பா வரட்டும்” என்றானாம்.

“எம் பொண்ணு சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரல. திங்கக்கிழமை சர்ச்சுல அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. அன்னைக்கு ஒருநாள் மட்டும் அப்பாவா இருந்துட்டாப் போதும்.”

பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினார். “இவருதான் சம்மந்தி. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவரு. முடியப் பாத்தியா? குடும்ப வாகாம். அவங்க அப்பாவுக்கு எண்பது வயசுலயும் கருப்பாம்.”

பார்த்தேன். அந்தத் தலையை எனக்குத் தெரியும். காலையில்தான் அந்தக் காதுக்குப் பின்னால் பொட்டு வைத்திருந்தேன். கத்தரிக்கோலைத் துடைக்கிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

அண்ணன் பக்கத்தில் வந்து, வழக்கம்போல மூன்று தடவை இருமிவிட்டு, கண்ணேறு, ஊர்ப்பார்வை என்று ஆரம்பித்தார். சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“முத்தையா, நான் கெமிஸ்ட்ரி வாத்தியாரு. அதுக்கு மேல வேதத்த நம்புறவன். திஷ்டிப் பொட்ட என் காதுல வைக்கிற வேலையெல்லாம் வேணாம். நேரா டைய போடு.”

“சும்மா ஒரு சாத்திரத்துக்கு சார்.”

“அந்தச் சாத்திரம்தான் வேணாங்கிறேன். எனக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. முந்தி ரெண்டு வருசம் வீட்டுலயே கருப்பு மருதாணி போட்டிருக்கேன். எலப்பொடிதானே. லேசா அரிச்சுச்சு, விட்டுட்டேன். மதுர வெயிலு, அரிக்கத்தான் செய்யும்.”

அண்ணனுக்கு அடுத்த பொய் கைவசம் இல்லை. கடை நிறைய ஆள். பொட்டு என்பது டெஸ்ட்டு என்று இப்போது சொன்னால் இத்தனை வருடப் பொய் அவிழும். என்னைப் பார்த்து, “சரி மாப்ள, சாருக்குக் கலக்கு” என்றார்.

கிண்ணத்தை எடுத்தேன். திரும்ப வைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தக் கண்ணும், ஆரஞ்சுப் பழமும் ஞாபகம் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் நான் பேசியிராத நீளத்துக்கு அன்று பேசினேன்.

“மருதாணி கருக்காது சார்.”

“என்ன?”

“மருதாணி செவக்கும். எம்புட்டு அரைச்சுப் போட்டாலும் செவப்புதான். கருத்துச்சுன்னா அதுக்குள்ள டை கலந்திருக்கு. உங்களுக்கு அரிச்சது வெயிலால இல்ல சார். இது திஷ்டிப் பொட்டும் இல்ல. டெஸ்ட்டு.”

அண்ணன் இரண்டு தடவை இருமினார். ஆனால் நான் பேசி முடித்திருந்தேன்.

பெஞ்சில் இருந்த வங்கி குமாஸ்தா காதைத் தடவிக்கொண்டே எழுந்தார். “அப்ப எனக்கு வச்சது?”

“அதுவும் டெஸ்ட்டுதான் சார்.”

“எம் பொண்டாட்டி அதுக்குச் சூடம் சுத்திப் போட்டாய்யா.”

“அதுனால ஒரு கெடுதலும் இல்ல சார்” என்றார் அண்ணன்.

ஞானராஜ் சார் டை டப்பாவைக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தார். பாரா என்று ஆரம்பித்து, பீனிலீன் என்று நடுவில் ஓடி, டையமீன் என்று முடிகிற ஒரு பெயரைச் சத்தமாகப் படித்தார். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற குரல். வீட்டில் பாதி மிச்சமிருந்த மருதாணிப் பாக்கெட்டை மகளைப் போனில் படிக்கச் சொன்னார். அதிலும் அதே பெயர் இருந்தது.

“இத வகுப்புல போர்டுல எழுதிப் போட்டிருக்கேன் முத்தையா. தலையில போட்டுக்கிட்டது தெரியாமப் போச்சு” என்றார். பிறகு கோபம் வந்தது. “மொதல்லயே டெஸ்ட்டுன்னு சொல்லியிருந்தா நானே காத நீட்டியிருப்பேனே?”

“டெஸ்ட்டுன்னு சொன்னா உங்களத் தவிர எவனும் நீட்ட மாட்டேங்கிறான் சார்.”

எனக்கு அன்று புரிந்தது இதுதான்: எங்கள் பொய் அதை நம்பினவர்களை எல்லாம் காப்பாற்றியது. நம்பாத ஒரே ஆளைத்தான் அது மாட்டிவிடப் பார்த்தது.

சார் காதை நீட்டினார். பொட்டு வைத்தேன். அங்கே நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். முன்னாலேயே அரித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் பொட்டுகூட வைக்கக் கூடாது. நேராகத் தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போது சார் வாசலில் நின்றார். ஹெல்மெட் மாட்ட முடியாததால் கோச்சடையிலிருந்து நடந்தே வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எடுத்துக் காட்டினார். வெந்த பணியாரத்தைக் காதாக ஒட்டவைத்தது போல இருந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போதே அரித்ததாம், கழுவிவிட்டு டாக்டரிடம் போனாராம். ஊசி, மாத்திரை, கூடவே எனக்குச் சேர வேண்டிய திட்டையும் அவரே வாங்கியிருந்தார்.

“தலை பூராப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தம்பி?”

“கண்ணு தொறந்திருக்காது சார்.”

துண்டை மறுபடி காதோடு சேர்த்துப் பிடித்தார். “அப்பச் சர்ச்சுல எம் பொண்ணு என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

வெள்ளை முடியை நன்றாகச் சீவி வெட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தார். “போகட்டும். தாத்தாவாவே போறேன். அவரு பக்கத்துல நிக்கிறதுதான்…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே போவார். ஆனால் ஒருத்தர் தலையைப் பற்றி இன்னொருத்தரிடம் பேசுவதில்லை என்பது எங்கள் தொழிலில் சத்தியம் மாதிரி. துண்டை உதறி மடித்தேன்.

அவர் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தேவசகாயம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். காதுக்குப் பின்னால் பார்த்தேன், தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, பொட்டு மட்டும் மையாக இருந்தது. டை போட்டேன். ஊறவைத்தேன். அலசினேன். பஞ்சை எடுத்தேன். எண்ணெயைத் தொட்டேன். அப்புறம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

மறதி.

திங்கட்கிழமை கல்யாணத்துக்கு நானும் அண்ணனும் போயிருந்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சார் கோட்டுப் போட்டு, நிமிர்ந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தலை வெள்ளை, ஒரு காது சிவப்பு, இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. மகள் அவர் தோளில் சாய்ந்து ஏதோ சொன்னாள். தாத்தா என்று யாரும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் படம் எடுத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அதே ஆள்தான். ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான் போல, மரியாதையாக, “பொண்ணோட அப்பா, அந்தக் காது வீக்கமாத் தெரியுது. ஓரடி பின்னால போய் சம்மந்தி பக்கமாத் திரும்பி நில்லுங்க சார்” என்றான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

சார் பின்னால் போய்த் திரும்பினார். அவர் கண்ணுக்கு நேரே சம்மந்தியின் காது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் செருப்பைப் பார்த்தேன்.

“காதுல என்ன சம்மந்தி, பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?” என்றார் தேவசகாயம், சிரித்த முகத்தைக் காமிராவிலிருந்து எடுக்காமல்.

“இல்ல சம்மந்தி. திஷ்டிப் பொட்டு வச்சேன். எனக்கு ஒத்துக்கல.”

“அட, நம்ம ஆளுக அதெல்லாம் வைக்கலாமா?”

“காதுக்குப் பின்னாடி வச்சா யாருக்கும் தெரியாதாமே.”

தேவசகாயத்தின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அந்த நேரம் பார்த்து விளக்கு மின்னியது.

அந்தப் படம் இன்றைக்கும் சார் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் தலை வெளுத்த ஒருவர் வாய் விட்டுச் சிரிக்கிறார். எப்போது பார்த்தாலும், சிரிக்கிறவர்தான் வயதில் இளையவராகத் தெரிகிறார்.

பந்தியில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரியாணியைப் பிசைந்துகொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“மாப்ள, அந்தப் பொட்ட நீ தொடைக்கலையா?”

“மறந்துட்டேண்ணே.”

அண்ணன் ஒரே ஒரு தடவை இருமினார்.